ஸ்கேனில் படிக்கும் வரலாறு எம்.ஏ.: பின்பக்கத்தை யார் பார்ப்பது?

சுவடிப்பித்தன்
பக்கத்து இழையில் ஒரு மேதாவி, "தொலைநிலையில் வரலாறு எம்.ஏ. படித்தாலும் நேரில் படித்ததற்குச் சமம், மூல ஆவணமெல்லாம் ஸ்கேனில் கிடைக்கிறது" என்று அள்ளிவிட்டுப் போயிருக்கிறார். ஒரே கேள்வி. கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? உறை புழக்கத்துக்கு வருமுன் தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். முகவரி வெளிமடிப்பில் இருக்கும். என்று வந்தது, என்ன விஷயம் என்று பெற்றவர் குறித்து வைத்ததும் பெரும்பாலும் அங்கேதான். முன்பக்கம் மட்டும் கிடைத்தால், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. இதை வைத்து ஆய்வேடா?

நள்ளிரவு மாணவி
சார், கண்டுபிடிக்க வழி இருக்கு. ஃபோலியோ எண்ணை, அதாவது தாளோட வரிசை எண்ணைப் பாருங்க. 12 முன், 12 பின், 13 முன் என்று வரிசையா வரணும். 12 முன்னுக்கு அடுத்து நேரா 13 முன் வந்தா ஒரு பக்கம் விடுபட்டிருக்கு. தொகுப்பு எண், ஃபோலியோ எண் இரண்டையும் போட்டுக் காப்பகத்துக்கு மெயில் அனுப்பிக் கேட்கலாம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஆய்வேடு கொடுக்கிற மாசத்துல போய்க் கேட்டுட்டு அழக்கூடாது.

சுவடிப்பித்தன்
ஸ்கேன் எடுத்தவர் "வெற்றுப் பக்கம்" என்று விட்டதைத்தானே சொல்கிறேன்? எழுத்து இல்லாவிட்டால் வெற்றா? அரக்குக் கறை இருக்கும், மடிப்புக் கோடு இருக்கும். கடிதம் எப்படிப் பூட்டப்பட்டது என்பதை அதில்தான் படிக்க முடியும்.

அடிக்குறிப்பு அரக்கன்
வந்துட்டாருய்யா. அடிக்குறிப்பு வார்த்தைக் கணக்கில் சேருமா என்ற இழையிலும் இவர் இப்படித்தான் 40 பதிவு போட்டார். ஐயா, தாள் நொறுங்குகிற நிலையில் இருந்தால் நேரில் போனாலும் மைக்ரோஃபில்மை, அதாவது படச்சுருள் நகலைத்தான் கையில் கொடுப்பார்கள். உங்கள் பின்பக்கம் அங்கேயும் கிடையாது.

ஆன்லைன் மாணவர்கள் உண்மையில் சறுக்குவது தேடலில். பழைய ஆங்கில அச்சில் எஃப் போலவே தெரியும் நீள எஸ் (ſ) உண்டு. ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் அதை எஃப் என்று படிக்கும். வரி முடிவில் உடைந்த சொல்லை இரண்டாக எடுக்கும். செய்தித்தாளில் பக்கத்துப் பத்தியோடு கலந்துவிடும். தேடினால் 0 முடிவு வரும். உடனே "அக்காலத்தில் இதை யாரும் பேசவில்லை" என்று ஒரு அத்தியாயம்!

செய்ய வேண்டியது இதுதான். கண்ணால் புரட்டிப் பார்த்து, உங்கள் சொல் வரும் 20 இடங்களை முதலில் குறியுங்கள். பிறகு அதே சொல்லைத் தேடுங்கள். 20-ல் 13-தான் சிக்கினால், தேடல் எவ்வளவு ஓட்டை என்று புரியும். அதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகள் (1674–1913) தட்டச்சு செய்து ஏற்றியவை என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. எல்லாத் தளமும் அப்படி இல்லை.

சுவடிப்பித்தன்
நீள எஸ், குட்டை எஸ் எல்லாம் முன்பக்கத்துச் சமாச்சாரம். நான் கேட்டது பின்பக்கம்.

கரையான்
வேலை பார்த்துக்கொண்டே படிக்க வாரம் 6 மணி நேரம் போதும்தானே?

நள்ளிரவு மாணவி
போதாது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். 60 கிரெடிட் எம்.ஏ.வை 2 வருஷமா நீட்டினாலும், வருஷம் 50 வாரம் படிச்சா வாரத்துக்கு 15 முதல் 18 மணி நேரம் வருது. அதிலும் பழைய கையெழுத்து வாசிப்பு தனி. முதல் நாள் ஒரு பக்கத்துக்கே ஒரு மாலை போயிடும்.

சுவடிப்பித்தன் சார், முன்பக்கத்தையே ஒழுங்கா படிக்கிறவங்க எத்தனை பேர்? இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டது அவங்க ஏட்டில் 1648 ஜனவரி 30. நமக்கு அது 1649. இதைக் கவனிக்காம, பதில் கடிதம் மூலக் கடிதத்துக்கு முன்னாடி வந்ததா எழுதுறாங்க. இதுக்குப் பின்பக்கம் எதுக்கு?

சுவடிப்பித்தன்
வந்து சேர்ந்த தேதி பின்பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பமே வராது அம்மணி. என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

அடிக்குறிப்பு அரக்கன்
பெற்றவரும் அதே பழைய கணக்கில்தானே தேதி போட்டிருப்பார்? ஏட்டுச் சுரைக்காய்க்கு முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன!

கரையான்
அப்போ 10 மணி நேரம்?

அடிக்குறிப்பு அரக்கன்
கரையான், படிப்பு முடிந்ததும் நூலக லாகின் போய்விடும். கட்டுரைகளை அன்றன்றே இறக்கி ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் பக்க எண்ணோடு போட்டு வையுங்கள். ஸ்கேன் கோப்புக்கு "படம் 1" என்று பெயர் வைக்காமல் காப்பகம், தொகுப்பு, ஃபோலியோ என்று வையுங்கள். இல்லையென்றால் அடிக்குறிப்பு எழுதும்போது எந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

சுவடிப்பித்தன்
ஃபோலியோ எண்ணோடு முன்னா பின்னா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதைச் சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வராது.

அடிக்குறிப்பு அரக்கன்
ஃபோலியோ என்று சொன்னாலே அது அடக்கம்.

சுவடிப்பித்தன்
அடக்கம் இல்லை. 12 என்றால் தாள். 12 பின் என்றால்தான் பக்கம். இழையை முதலிலிருந்து படியுங்கள்.