டெலிமார்க்கிலிருந்து ஆல்பைனுக்கு: குறைந்த செலவில் ஸ்கீயும் பைண்டிங்கும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பூட்ஸின் முன்பகுதி மட்டும் ஸ்கீயோடு பிணைந்து, குதிகால் எழும்பும் டெலிமார்க் முறையில் மட்டுமே 22 ஆண்டுகளாகப் பனிச்சறுக்கி வருகிறேன். குதிகாலும் பூட்டப்பட்ட ஆல்பைன் ஸ்கீயில் நான் கடைசியாக நின்றது பள்ளிப் பருவத்தில். கடந்த இரண்டு பருவங்களாக, திருப்பத்தின்போது பின்னால் மடங்கும் காலில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருகிறது. ஆழமாக மடக்குவதைக் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொல்லிவிட்டார். டெலிமார்க்கை அடியோடு விட மனம் வரவில்லை. ஆகவே இறுகிய பனிச்சரிவுகளில் ஆல்பைன், புதுப்பனி விழுந்த நாட்களில் மட்டும் டெலிமார்க் என்று பிரித்துக்கொள்ள எண்ணுகிறேன்.

ஒதுக்கக்கூடிய பணம் குறைவு. நடுப்பகுதி 88 மி.மீ. அகலமுள்ள ஒரு ஜோடி ஸ்கீ என்னிடம் இருக்கிறது; அதில் டெலிமார்க் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் கருவி) பொருத்தியிருக்கிறேன். அதைக் கழற்றிவிட்டு அதே ஸ்கீயில் ஆல்பைன் பைண்டிங் பொருத்தலாமா, அல்லது பழைய ஆல்பைன் ஜோடி ஒன்றை வாங்குவது நல்லதா? இன்னொன்று: என் என்டிஎன் (புதிய வகை டெலிமார்க்) பூட்ஸில், பழைய வகையில் இருக்கும் வாத்தின் அலகு போன்ற முன்நீட்சி கிடையாது, பார்ப்பதற்கு ஆல்பைன் பூட்ஸ் போலவே இருக்கிறது. அதையே ஆல்பைன் பைண்டிங்கில் மாட்டிக்கொண்டால் பூட்ஸ் செலவு மிச்சமாகுமே என்ற சபலமும் இருக்கிறது. என் வயது 52.

முதல் பதில்

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஆபத்து அதில்தான் இருக்கிறது. என்டிஎன் பூட்ஸை ஆல்பைன் பைண்டிங்கில் மாட்டாதீர்கள். பூட்ஸின் அடிப்பகுதி விறைப்பானது, அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் குறித்த தடிமனிலும் வடிவிலும் இருக்கின்றன என்ற அடிப்படையில்தான் ஆல்பைன் பைண்டிங் வடிவமைக்கப்படுகிறது. அந்த வடிவத்தை வரையறுக்கும் தரம் ஐஎஸ்ஓ 5355. டெலிமார்க் பூட்ஸோ விரல் மூட்டில் மடங்குவதற்கென்றே துருத்தி போன்ற மடிப்புடன் செய்யப்பட்டது. விழும்போது காலின் விசை பைண்டிங்கைச் சரியாக எட்டுவதற்குள் பூட்ஸ் மடங்கிக்கொள்ளும். கழல வேண்டிய நேரத்தில் கழலாமலும், கழலக் கூடாத நேரத்தில் கழன்றும் போகலாம். மாட்டும்போது 'டக்' என்று ஒலி வந்தாலும் அது பொருத்தத்துக்குச் சான்று ஆகாது.

எனவே இருக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பூட்ஸுக்கு ஒதுக்குங்கள். டெலிமார்க்கில் பாதம் மடங்க இடம் வேண்டும் என்பதால் நம்மில் பலர் சற்றுத் தளர்வாக அணிந்து பழகியிருப்போம். அதே அளவில் ஆல்பைன் பூட்ஸ் வாங்கினால் குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டே இருக்கும். கடையில் உள்ளுறையை உருவி வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் பாதத்தை நுழைத்து, விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். மூன்று விரல்கள் நுழைந்தால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கு உரியதல்ல, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். பூட்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் விறைப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 100 இன்னொரு நிறுவனத்தின் 110-ஐ விடக் கடினமாக இருப்பதுண்டு.

இரண்டாம் பதில்

ஸ்கீயைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பதே போதும் என்பது என் கருத்து. இன்று டெலிமார்க்குக்காகப் பயன்படும் ஸ்கீகளில் பெரும்பாலானவை சாதாரண ஆல்பைன் ஸ்கீகளே, வேறுபாடு பைண்டிங்கில்தான். 88 மி.மீ. அகலம் இறுகிய பனிக்குச் சற்றுக் கூடுதல் என்றாலும் குறையில்லை.

ஆனால் துளையிடுவதற்கு முன் இரண்டு செய்திகளைப் பாருங்கள். முதலாவது, ஸ்கீயின் பக்கவாட்டில் அல்லது மேற்பரப்பில் பூட்ஸின் நடுக்கோட்டுக்கான குறி இருக்கும். ஆல்பைன் பூட்ஸின் நடுக்குறி அதன்மேல் வர வேண்டும். பழைய டெலிமார்க் பொருத்தங்கள் சில, பூட்ஸின் நடுவைக் கணக்கில் கொள்ளாமல், ஸ்கீயின் சமநிலைப் புள்ளிக்கு மேல், பூட்ஸின் முனையைப் பிடிக்கும் ஊசிகள் வருமாறு அமைக்கப்பட்டவை. அப்படியென்றால் பழைய துளைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதைத் தாளில் வரைந்து பார்த்துவிடுங்கள். புதிய துளையின் மையம் பழைய துளையின் மையத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. தள்ளியிருப்பது நல்லது, அதைவிட நெருங்கினால் இடையில் மிஞ்சும் சன்னமான சுவர் திருகின் பிடியில் பிளந்துவிடும். இரண்டாவது, ஸ்கீக்குள் உலோகத் தகடு இருக்கிறதா என்பது. தகடு இருந்தால் 4.1 மி.மீ. துளைக்கம்பி, இல்லாவிட்டால் 3.5 மி.மீ., ஆழம் 9 மி.மீ. என்பது பெரியவர்களின் ஸ்கீகளுக்கான வழக்கம். எது என்று பெரும்பாலும் ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

பழைய துளைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு முறை சோம்பலால் நான் விட்டுவிட்டேன். பருவத்தின் முடிவில் அந்த இடத்தில் மேற்பரப்பு மெல்லத் தடித்து எழும்பியிருந்தது, விரலால் தடவியபோது கொப்புளம் போல இருந்தது. உள்ளே நீர் இறங்கி மரக்கட்டை ஊறியிருந்தது. துளைக்குள் ஒரு சொட்டுப் பசை விட்டு, பிளாஸ்டிக் செருகியைத் தட்டி இறக்கி, மேலே மிஞ்சியதைச் சீவிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாம் பதில்

மேலே நண்பர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை, எனினும் நான் வேறு வழியைப் பரிந்துரைப்பேன். புதுப்பனியில் டெலிமார்க்கைத் தொடர விரும்புபவர் தம் டெலிமார்க் ஸ்கீயையே ஏன் துளைத்து மாற்ற வேண்டும்? பருவம் முடியும்போது வாடகைக்கும் சோதனைக்கும் விடப்பட்ட ஸ்கீகள் பைண்டிங்குடன் விற்பனைக்கு வரும். அவற்றின் பைண்டிங் தண்டவாளம் போன்ற தடத்தில் முன்னும் பின்னும் நகரும். பெரும்பாலான நீளப் பூட்ஸுக்கும் துளையிடாமல் பொருத்திக்கொள்ளலாம். எடை கூடும், பூட்ஸும் சற்று உயரத்தில் நிற்கும். டெலிமார்க்காரர்களுக்கு எடை என்றாலே முகம் சுளிக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இழுவைக் கம்பி மேலே கொண்டுபோய் விடும் சரிவில் எடை ஒரு குறையே அல்ல. இறுகிய பனியில் இலகுவான ஸ்கீ நடுங்கும்போது கனமான ஸ்கீ அமைதியாகக் கோடு போட்டுச் செல்லும். நடுப்பகுதி 75 முதல் 85 மி.மீ., திருப்ப ஆரம் (ஸ்கீ இயல்பாகத் திரும்பும் வளைவின் ஆரம்) 14 முதல் 17 மீட்டர் என்ற எல்லைக்குள் தேடுங்கள்.

பைண்டிங்கின் பெயரில் ஏமாறாதீர்கள். டைரோலியா செய்யும் பைண்டிங் ஹெட் என்ற பெயரிலும் கிடைக்கிறது. சாலமன், அட்டாமிக் இரண்டும் ஒரே குடும்பம். வண்ணமும் எழுத்தும் மட்டும் மாறிய அதே பொருள் பாதி விலையில் கிடைக்கக்கூடும். மாறாக, லுக் நிறுவனத்தின் பிவட் வகையைப் பழையதாக வாங்கும்போது எச்சரிக்கை தேவை: அதன் குதிகால் பகுதி நகரும் தூரம் மிகக் குறைவு, உங்கள் பூட்ஸின் நீளம் அதற்குள் அடங்காவிட்டால் மறுபடியும் துளையிட நேரும். மிகப் பழைய பைண்டிங்கையும் தவிருங்கள். உற்பத்தியாளர் தாம் சட்டப் பொறுப்பேற்கும் மாதிரிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்ட மாதிரியைப் பல கடைகளில் தொடவே மாட்டார்கள். பூட்ஸின் அடிப்பகுதி கிரிப்வாக் வகையாக (நடப்பதற்கு எளிதான வளைந்த அடி) இருந்தால், பைண்டிங்கும் அதை ஏற்கும் வகையாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பைண்டிங்கைக் கழற்றித் துளைகளை அளந்தேன். தேவையான இடத்திலிருந்து இரண்டு துளைகள் 6 மி.மீ. தூரத்திலேயே இருக்கின்றன, ஆகவே என் ஸ்கீயை அதன் போக்கில் விட்டுவிட்டு, தடம் கொண்ட பழைய ஜோடி ஒன்றைத் தேடப் போகிறேன். மிச்சம் பூட்ஸுக்கு. விடுபடும் அளவை, அதாவது எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்ற எண்ணை, மட்டும் எப்படித் தீர்மானிப்பது? இத்தனை ஆண்டுகளும் என்னிடம் இருந்த பைண்டிங் எதுவும் கழலவே கழலாது. அந்த எண்களோடு எனக்குப் பழக்கமே இல்லை.

முதல் பதில் எழுதியவர்

எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் வகை ஆகிய ஐந்தையும் கொண்டு ஐஎஸ்ஓ 11088 அட்டவணையிலிருந்து அந்த எண்ணை எடுப்பார்கள். எடையும் உயரமும் வெவ்வேறு வரிசையில் விழுந்தால் குறைந்த அளவைத் தரும் வரிசையே கொள்ளப்படும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் ஒரு வரிசை குறைப்பார்கள், அது உங்களுக்கும் பொருந்தும். 'எந்த வகைச் சறுக்காளர்?' என்று கடையில் கேட்கும்போது 22 ஆண்டு அனுபவத்தை நினைத்து மூன்றாம் வகை என்று சொல்லிவிடாதீர்கள். அது வேகத்தையும் சரிவின் கடுமையையும் பற்றிய கேள்வி, திறமைக்கான பட்டம் அன்று. முதல் பருவத்துக்கு இரண்டாம் வகையே தகும். கிடைக்கும் எண் பைண்டிங்கின் எல்லையில் ஒட்டிக்கொள்ளாமல் நடுவாக்கில் அமைய வேண்டும். 3 முதல் 11 வரையுள்ள மாதிரி பெரும்பாலும் போதும், 16 வரை செல்லும் பந்தய வகைக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. எண்ணைச் சரியாக வைத்தும் குதிகால் பகுதியின் முன்னழுத்தத்தை (அது பூட்ஸை முன்னோக்கித் தள்ளும் விசையை) சரிபார்க்காமல் விடுவது பலர் செய்யும் பிழை. பூட்ஸை மாட்டிய நிலையில் அதன் குறிகாட்டி வரம்புக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

முழங்காலைப் பற்றி ஒரு சொல். பைண்டிங் முதன்மையாகக் கெண்டைக்கால் எலும்பைக் காக்கவே கணக்கிடப்பட்டது. பின்னால் சாய்ந்து முறுக்கி விழும்போது முழங்காலின் தசைநார்களை அது உறுதியாகக் காக்கும் என்று சொல்ல முடியாது. டெலிமார்க்கில் நிலை தடுமாறினால் பின்முழங்காலை மடக்கித் தாழ்ந்து மீளலாம், இங்கே அந்த வழி அடைபட்டுவிடும். பாத நிலையும் தலைகீழ்: டெலிமார்க்கில் திருப்பத்தின் வெளிக்கால் முன்னே செல்லும், ஆல்பைனில் உட்கால்தான் சற்று முன்னே நிற்கும். முதல் சில நாட்களுக்கு உங்கள் உட்கால் தானாகவே பின்னே இழுபடும். அதற்காக வருந்த வேண்டாம், உட்கால் மிகவும் முன்னே ஓடிவிடுகிறது என்றுதான் ஆல்பைன் பயிற்சியாளர்கள் தம் மாணவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறார்கள்.