ஆயிரங்கால் தூண்டிலில் தலை மட்டும் வந்தது: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

காட்பாடிக்காரன்

ஒரே நீளக் கயிற்றில் நைலான் நரம்புகளால் வரிசையாகத் தூண்டில் முட்களைக் கட்டும் ஆயிரங்கால் தூண்டில் போடுவது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்த வாரம். பாலாறு கடலில் சேரும் வயலூர்ப் பக்கம். நண்பனின் மாமனார் ஊர் சதுரங்கப்பட்டினம். அங்கே ஒருவர் ஃபைபர் படகில் கயிற்றை அலைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரை, மத்தித் துண்டு. கரையில் நாங்கள் இருவர் மட்டும். வேலூரில் வெறும் மணலாகப் பார்த்துச் சலித்த ஆறு அங்கே தண்ணீரோடு நிற்பதைக் கண்டு நண்பன் யார் யாரையோ திட்டினான். அது தனிக்கதை.

வெயில் ஏறியதும் இழுக்கத் தொடங்கினோம். முதலில் வந்த முட்களில் இரையே இல்லை, நண்டு தின்றுவிட்டது. அப்புறம் இரண்டு கெளுறு, அதாவது கடல் கெளுத்தி. அதற்குப் பின் கயிறு கனத்தது. பாசி சிக்கினால் கனம் செத்துக் கிடக்கும். இது எதிர்த்து இழுத்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நிற்கிறேன், அவன் பின்னால் நின்று கயிற்றைப் பெட்டியில் சுற்றி அடுக்குகிறான். அலை தூக்கியபோது வெள்ளையாக ஒரு பக்கம் புரண்டது. கொடுவா. முழு மீன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓர் உதறல். அவ்வளவுதான், கயிறு லேசாகிவிட்டது. கைக்கு வந்தது தலை மட்டும். செவுளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நண்பன் அதை முள்ளிலிருந்து கழற்றி, "குழம்புக்குத் தலைதான் ருசி" என்று பைக்குள் போட்டுவிட்டான். அவனுக்கென்ன, தண்ணீரில் நின்றது நான்.

கடித்தது எது? நண்பனின் மாமனாரிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

வாலாஜா அணைக்கட்டு

கடித்தது பேத்தை மீன். வேறு எதுவும் இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அதன் பற்கள் ஒட்டி அலகாகவே ஆகியிருக்கும். நைலான் வலையையே கத்தரித்துவிடும். மரக்காணத்தில் நானும் என் சித்தப்பா மகனும் போட்ட தூண்டிலில் பாதி முட்களைக் காணவில்லை, நரம்போடு போயிருந்தன. கடைசி முள்ளில் ஒரு பேத்தை வந்தது. மணலில் விழுந்ததும் வயிற்றை ஊதிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. கரையில் கிடைத்ததையெல்லாம் தின்னும் நாய் ஒன்று ஓடி வந்து மோந்து பார்த்தது. பிறகு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மீன் மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை.

சொல்லிவைக்கிறேன், பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

குடியாத்தத்தான்

கடல் வரை போக எல்லோருக்கும் வாய்க்குமா? நான் ஏரிக்காரன். 2021 நவம்பரில் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்ததே, அந்தப் பருவம். காவேரிப்பாக்கம் ஏரி தன் முழு அளவான 30.65 அடியையும் எட்டி, உபரி நீர் வெளியேறும் கடைவாசலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாலையில் கரையோரமாகக் கயிறு கட்டினோம். கோழிக்குடல் இரை. விடியற்காலையில் தேளியும் விராலும் வரும் என்று நண்பன் வீட்டில் மசாலா அரைக்கவே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வந்தது பாலாமை.

கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பின்னங்கால்களுக்கு மேல் இருக்கும் மடல்களையும் மூடிக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்து நரம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நண்பன் குறடோடு குந்தியிருந்தான். நாங்கள் அசையாமல் இருந்தால் மூக்கு நுனி வெளியே வரும், கையை நீட்டினால் உள்ளே போய்விடும். மற்ற முட்களில் என்ன இருந்தது என்று பார்க்கக்கூட இருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் முடிந்தவரை வாயோரமாக நரம்பை நறுக்கித் தண்ணீரில் விட்டோம். முள் உள்ளேயே போய்விட்டது. அது துருப்பிடித்து விழுந்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். யாருக்காவது தெரியுமா?

ஓய்வுபெற்றவன், ராணிப்பேட்டை

கோவளத்தில் ஒருமுறை தூண்டில் போட்டுவிட்டுக் கரையில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கயிறும் இல்லை, கட்டியிருந்த முளையும் இல்லை. இன்றுவரை அது மீனா, மனிதனா என்று தெரியவில்லை. என் கதை அவ்வளவுதான்.

இனி சில விஷயங்கள். குடியாத்தம் தம்பிக்கு: பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இரவு முழுவதும் கயிற்றைத் தண்ணீரில் விட்டு வைக்காதீர்கள். ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் மூழ்கியே செத்துவிடும். உங்களுடையது தப்பியது அதன் நல்ல காலம். இரவில் போட்டால் இடையிடையே போய்த் தூக்கிப் பாருங்கள்.

காட்பாடித் தம்பிக்கு: இழுக்கும்போது கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கெளுறு வந்தது என்கிறீர்கள், அதன் முதுகிலும் இரு பக்கத்துச் செட்டையிலும் முள் உண்டு. குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வேண்டும். அந்த நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும். ஐஸ் வைக்காதீர்கள். முள்ளுக்கு மேல் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது போகாதீர்கள்.

ஆக்லாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்தேன். அங்கே கயிற்றைக் கொண்டுபோய்ப் போடப் படகுக்காரர் தேவையில்லை. மின்மோட்டார் வைத்த மிதவை ஒன்று கரையிலிருந்தே கயிற்றைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. கோண்டிகி என்று பெயர், 1947இல் பசிபிக் கடலில் போன தெப்பத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பிடிப்பவர் ஒரு கயிற்றில் 25 முள்ளுக்கு மேல் கட்டக் கூடாது. நம் ஊரில் யார் எண்ணுகிறார்கள்?

ஆம்பூர் அக்கா

பெரியவரே, தடைக்காலம் விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும். கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

வாலாஜா அண்ணன் சொல்வதும் ஒத்துவரவில்லை. பேத்தை கொத்திக் கொத்தித்தான் தின்னும். முழுக் கொடுவாவை அது தின்று முடிக்கும்வரை வாய் அசைந்துகொண்டிருக்குமா? ஒரே கடியில் போயிருக்கிறது. ஒன்று சுறா, இல்லையென்றால் பெரிய சீலா. வெட்டு நேராக இருந்ததா, பிறையாக வளைந்திருந்ததா? நேராக இருந்தால் சீலா. வளைந்து பிய்ந்திருந்தால் சுறா. படம் இருந்தால் போடுங்கள்.

வாலாஜா அணைக்கட்டு

பேத்தை கூட்டமாக வரும் அம்மா. கூட்டமாக.

காட்பாடிக்காரன்

கூட்டமாக வந்தால் கயிற்றில் தட்டுத் தட்டென்று தெரிந்திருக்க வேண்டும் அண்ணா. எனக்குத் தெரிந்தது ஓர் உதறல்தான்.

பெரியவருக்கு நன்றி. ஆனால் கம்பி கட்டினால் நரம்பு அறுபடாது. எனக்கு அறுந்தது நரம்பு இல்லை ஐயா, மீன். கெளுறை நண்பன்தான் கழற்றினான், குத்தவில்லை.

அக்கா, படம் இல்லை. நண்பனைத் தொலைபேசியில் கேட்டேன். வெட்டு நேராக இருந்தது என்கிறான். எனக்கு வளைந்திருந்ததாக நினைவு. குழம்பு வைத்த அவன் மாமியாரிடம் கேட்டால், "மீன்காரன் வெட்டிக் கொடுத்த தலை என்று நினைத்தேன்" என்கிறார். மாசியில் மறுபடி போகலாம் என்று கூப்பிடுகிறான். போகிறேன், ஆனால் இந்த முறை பெட்டியில் கயிறு அடுக்குவது நான். குடியாத்தத்தாரே, உங்கள் முள் சாதா இரும்பா, துருப்பிடிக்காத எஃகா? எஃகு என்றால் உங்கள் நண்பர் சொன்னது நடக்காது.