எழுத்துப் பட்டறைக்குப் போனவர்கள்: கொழும்பு அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு வெள்ளவத்தையில் நடந்த சிறுகதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். காசு கொடுத்துப் போய் என்ன கிடைத்தது என்று வீட்டிலேயே கேட்டார்கள். இனிமேல் போக நினைக்கிறவர்களும் அதையே கேட்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு மாடி மண்டபம். சித்திரை வெக்கையில் மத்தியானத்துக்கு முன் அங்கே இருக்கவே ஏலாது. மின்விசிறி சுற்றும், காற்று மட்டும் வராது. பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி (ரயில்) போகும்போது யார் வாசித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பின்னேரம் இடிமழை பிடித்தால் கொஞ்சம் ஆறுதல். வசதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வந்தவர்களில் வங்கி ஊழியர் இருந்தார், புறக்கோட்டையில் புடவைக்கடை நடத்துகிறவர் இருந்தார், ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை ஒன்று. வழிகாட்டுவதற்கு இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் சிறுகதைத் தொகுப்புகள் போட்டவர், சாகித்திய விருதும் எடுத்தவர். அவரை சேர் என்றோம். மற்றவர் நாவல் எழுதுகிறவர், வயதில் இளையவர், எல்லோருக்கும் அக்கா.

சிறுகதை என்றால் என்ன, அதன் தோற்றமும் வளர்ச்சியும் என்று யாராவது தொடங்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வந்து இருந்தவுடனேயே சேர் எங்கள் கதைகளை மாற்றிக் கொடுத்தார். என் கதையைப் புடவைக்கடைக்காரர் உரத்து வாசிக்க வேண்டும், நான் ரீச்சரின் கதையை. வாசிக்கிறவருக்கு முன்கூட்டிப் பார்க்க நேரம் கிடையாது. வாசிக்கும்போது நாக்கு எங்கே தடுக்குகிறது, எங்கே திரும்பப் போய் எடுத்து வாசிக்கிறார் என்று கவனித்து, தன் கையில் இருந்த பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு போனார் சேர். கருத்து எதுவும் சொல்லவில்லை. பிரதி என் கைக்கு வந்தபோது முதற்பக்கம் சுத்தமாக இருந்தது, இரண்டாம் பக்கம் அம்மை போட்டதுபோல் கிடந்தது. பார்த்தால், நான் பெருமைப்பட்ட வசனங்கள்தான் அத்தனையும். “கதவைச் சாத்திவிட்டு வந்து, விளக்கை அணைக்க மறந்து, அணைத்தாலும் உறக்கம் வராதென்று அறிந்தவளாய்” என்று ஒன்று. புடவைக்கடைக்காரர் “அறிந்தவளாய்” வரும்போது யாரைப் பற்றி வாசிக்கிறோம் என்பதையே விட்டுவிட்டார். இதை யாரும் எனக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் மூச்சு வாங்கியதைக் கேட்டேன், அது காணும்.

அடுத்து வந்த விதிதான் பலருக்குப் பொல்லாததாக இருந்தது. ஒரு கதையைப் பற்றி மற்றவர்கள் கதைக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய பட்டறையால் பரவிய வழக்கம் என்று அக்கா சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போனது வெளியீட்டு விழா. தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. அங்கே ஒருவர் குறை சொல்லிவிட்டால் பிறகு காலத்துக்கும் பகை. புகழ்ச்சிக்கும் பகைக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கலாம் என்பதே எங்களில் சிலருக்குப் புதிது.

அந்தப் பட்டறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது என் கதை அல்ல, இன்னொருவருடையது. நாற்பது தாண்டிய ஒரு பெண். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்களே, அந்த பஸ் ஒன்றில் இருந்தவர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவர் எழுதிக்கொண்டு வந்த கதையில் லொட்ஜ் முகாமையாளர் ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். யார் உத்தரவு, என்ன காரணம் சொல்கிறார்கள், எத்தனை பஸ், எந்த ஊருக்கு என்று செய்தி வாசிப்பதுபோல் எல்லாம் அவர் வாயால் வருகிறது.

உயர்தரம் எழுதிய பிள்ளை கை தூக்கிக் கேட்டது: “அவையள் பொலிசில பதிஞ்சிருந்தவைதானே? பிறகேன் ஏத்தினவை?”

மண்டபத்தில் பெரிய ஆட்கள் எல்லோருக்கும் விடை தெரியும், அல்லது விடை கிடையாது என்பது தெரியும். எழுதியவருக்குப் பதில் சொல்ல அனுமதியில்லை. அந்தக் கேள்வியை அப்படியே கொப்பியில் எழுதி வைக்கும்படி மட்டும் சேர் சொன்னார். பேச்சு முடிந்து அவர் வாய் திறக்கலாம் என்று ஆனபிறகு சேர் ஒன்று கேட்டார்.

“வெளிக்கிடச் சொன்ன நேரம் பையில என்ன வச்சீங்கள்?”

“சேர்ட்டிபிக்கட்டுகள். அம்மாவின்ர கிளினிக் கொப்பி. பிறகு கொடியில அரைகுறையாக் காய்ஞ்சு கிடந்த உடுப்பு, அதை ஒரு ஷொப்பிங் பையில திணிச்சன். வவுனியா போறதுக்கிடையில பை முழுக்க மணக்கத் தொடங்கிட்டுது. பக்கத்தில இருந்த மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவ.”

“இது ஏன் கதையில இல்லை?”

“இதெல்லாம் எழுதுற விசயமே சேர்?”

அதற்குப் பிறகு நடந்ததற்காகவே கொடுத்த காசு சரி என்பேன். இரண்டு வழிகாட்டிகளும் எங்கள் முன்னாலேயே பிடுங்குப்பட்டார்கள். ஈர உடுப்பும் அந்த மனிசியும் போதும், திகதியும் நீதிமன்றமும் வேண்டாம், தேவைப்பட்டவன் தேடிப் படிக்கட்டும் என்பது சேரின் கட்சி. அக்கா விடவில்லை. “தேடிப் படிக்கிறதுக்கு முதலில அப்படி ஒன்று நடந்தது என்று தெரிய வேண்டும் சேர். இந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை. கொழும்புக்கு வெளியே, தமிழ்நாட்டில, கனடாவில வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?” பிளேன்ரீ வந்து ஆறிப்போனது. யாரும் எழும்பவில்லை. நான் அக்காவின் பக்கம். எங்கள் கதைகளில் பாதி, தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதாகவே இருந்துவிடுகிறது. ஆனாலும் முகாமையாளரின் அந்த ஒரு பக்கப் பேச்சை யாராலும் காப்பாற்ற முடியாது, அது வேறு விசயம்.

கடைசி நாள் அந்தப் பெண் கதையைத் திருத்திக்கொண்டு வந்தார். முகாமையாளருக்கு இரண்டு வார்த்தை மட்டும். மூக்கைப் பொத்திய மனிசி இரண்டாவது பாத்திரமாக வளர்ந்திருந்தார். நீதிமன்றம் தடுத்ததை அந்த மனிசி ரேடியோவில் கேட்டு வந்து சொல்வதாக ஒரே வரி. பிள்ளையின் கேள்வியும் இருந்தது, பஸ்ஸில் ஒரு கிழவர் கேட்பதாக. ஒருவரும் பதில் சொல்வதில்லை.

பதிப்பிப்பது பற்றியும் ஒரு காலைப்பொழுது போனது. புத்தகம் போட்டவர்களுக்கு அதில் புதினமில்லை. இங்கே பெரும்பாலும் எழுதியவரே சொந்தக் காசில் அச்சடிக்கிறார், விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கொடுத்துப் போட்ட காசில் ஒரு பங்கை மீட்கிறார். 2022இல் பத்திரிகைகளே கடதாசி இல்லாமல் அச்சை நிறுத்திய நேரம் தன் தொகுப்பை வெறும் கோப்பாக வைத்துக்கொண்டிருந்ததாக சேர் சொன்னார். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில்தான் எடுக்க வேண்டும், எங்கள் நாட்டு எண்ணில் 955 அல்லது 624 வரும். தொகுப்புக்கு அவசரப்படாமல் முதலில் ஞானம், ஜீவநதி போன்ற சஞ்சிகைகளுக்கும் ஞாயிறு பத்திரிகைகளுக்கும் அனுப்பிப் பாருங்கள் என்றார்கள் இருவரும். இந்த ஒன்றில் மட்டும் சண்டை இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வரிக்கு வரி இடம் விட்டு, பெரிய எழுத்தில் நாலைந்து பிரதி அச்சடித்துக்கொண்டு போங்கள். காலி வீதியில் போட்டோகொப்பிக் கடை நிறைய இருக்கிறதுதான், ஆனால் புத்தாண்டுக் கிழமையில் எது திறந்திருக்கும் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

மேலே எழுதியவர் அதிர்ஷ்டக்காரர். நான் போன பட்டறையை யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. பெயர் பெற்ற எழுத்தாளர்தான் வந்தார், மணி பத்தரைக்கு. தன் முதற்கதை எப்படி வெளிவந்தது, யார் பாராட்டிக் கடிதம் போட்டார், யார் பொறாமைப்பட்டார் என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனது. பேச்சு நல்ல சுவாரசியம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நாங்கள் கட்டணத்தோடு அனுப்பிய கதைகள் உறை பிரிக்காமல் மேசையில் அடுக்கியிருந்தன. நான் இருந்த இடத்திலிருந்து என் உறை தெரிந்தது. பின்னேரம் சான்றிதழ் வழங்கும் வைபவம், குத்துவிளக்கு, குழுப்படம். சான்றிதழ் நல்ல தடித்த கடதாசி.

அதிலிருந்து பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேட்பேன்: என் கதையை யார் வாசிப்பார், எப்போது வாசிப்பார்? நேரடியாகப் பதில் வராவிட்டால் போவதில்லை. அந்தக் காசுக்கு பூபாலசிங்கம் புத்தகசாலையில் புத்தகம் வாங்கிவிட்டு, தமிழ்ச் சங்க நூலகத்தில் போய் இருந்து வாசித்தால் லாபம்.

கிருலப்பனையிலிருந்து

நான் போனது ஆங்கிலத்தில் நடந்த பட்டறை, யூலை மாதம், பல்கலைக்கழக விடுமுறையில். வழிகாட்டிகள் வெளிநாட்டிலும் பதிப்பித்தவர்கள். கூட இருந்தவர்களில் சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற ஆள் நான் ஒருத்திதான்.

ஆங்கிலப் பக்கம் ஒரு வசதி, பரிசு என்று கண்ணுக்குத் தெரிகிற இலக்கு இருக்கிறது. இலங்கையில் பிறந்த கனடா எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி தன் புக்கர் பரிசுப் பணத்தை வைத்து இங்கே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காக 1992இல் ஏற்படுத்திய கிரேஷன் பரிசுக்கு அச்சில் வராத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். அதனால் அங்கே எல்லோரும் “முடிந்துவிட்டது” என்று நினைத்த பிரதியோடு வந்திருந்தார்கள். வழிகாட்டி முதலில் சொன்னது எங்கள் நாட்டு நாவலாசிரியர் ஷெஹான் கருணாதிலகவைப் பற்றி. 2022இல் புக்கர் பெற்ற அவருடைய நாவல் 2020இலேயே இந்தியாவில் வேறு பெயரில் வெளிவந்துவிட்டது. இலங்கை அரசியலும் நம் ஊர்ப் பேய்களும் தெரியாத வாசகர்களுக்காக அதன் பிறகும் இருந்து திருத்தி எழுதினார். அச்சாகிக் கடைக்கு வந்த புத்தகத்தையே மனிசன் திரும்ப எழுதியிருக்கிறார், நீங்கள் மூன்றாவது அத்தியாயத்தைத் தொட மாட்டேன் என்கிறீர்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் காட்டவில்லை.

எனக்கு அங்கே கிடைக்காத ஒன்று, வெள்ளவத்தையில் நடந்த அந்தச் சண்டை. என் கதையில் வரும் லொட்ஜும் செக்பொயின்ரும் அவர்களுக்கு “சுவாரசியமான பின்னணி”. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பதுளை, இப்போது தெஹிவளை

வழிகாட்டி நல்லவராகவே இருந்தாலும் எதிர்த்துப் பேச வேண்டிய இடம் ஒன்று வரும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கதையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிற பாட்டி கொழும்பில் கடையில் நிற்கிற பேரனோடு போனில் பேசுகிறது. திருத்தி வந்த பிரதியைப் பார்த்தால் பாட்டியின் பேச்சு முழுக்கச் சிவப்பு மை. “வந்துருச்சு” என்று நான் எழுதியதை வெட்டி “வந்திட்டுது” என்று போட்டிருந்தார். “என்னாடா” போய் “என்னடா” ஆகியிருந்தது. வழிகாட்டி யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட எண்ணம் கிடையாது, கைப்பழக்கம். அவருக்குப் பேச்சுத் தமிழ் என்றால் அதுதான்.

அறுபதுகளில் பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டுவந்தபோது “இழிசனர் இலக்கியம்” என்று பண்டிதர்கள் முகம் சுளித்ததும் முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றதும் அவரே முதல் நாள் எங்களுக்குச் சொன்ன கதை. அப்படிச் சண்டை போட்டு உள்ளே வந்த பேச்சு இப்போது எங்கள் லயத்துக்கு இலக்கணம் சொல்ல வந்து நின்றது. சிரிப்புத்தான் வந்தது.

“எங்க பாட்டி அப்படிப் பேசாது சார்” என்றேன்.

அவர் பிரதியை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார். “சரி, நீர் வாசியும், கேட்பம்” என்றார். பாட்டி பேசுகிற மாதிரியே வாசித்துக் காட்டினேன், இருமலும் சேர்த்து. முடிந்ததும் தான் வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “இருக்கட்டும்” என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பிறகு மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை வாசித்திருக்கிறீரா என்று கேட்டு, எங்கள் தோட்டப் பக்கத்து வழக்குச் சொற்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். வழிகாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கதை பிறகு ஒரு ஞாயிறு பத்திரிகையில் வந்தது. ஆசையாகப் பிரித்தால் “வந்துருச்சு” எல்லாம் “வந்துவிட்டது” ஆகியிருந்தது. போன் எடுத்துக் கேட்டேன். “தம்பி, அது எழுத்துப் பிழை எண்டு நினைச்சிட்டம்” என்றார்கள்.