ப்ளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறினால் கூகுள் தேடலில் முன்னேற முடியுமா?

வரப்பு:
வணக்கம். முழுக்கத் தமிழில் ஒரு வேளாண்மைத் தளம். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான ப்ளாகரில், சொந்த டொமைனில் (தளப்பெயரில்) ஓடுகிறது, 640 பதிவுகள். தலைப்பு தமிழில் இருப்பதால் பதிவுகளின் இணைய முகவரிகள் பெரும்பாலும் 'ப்ளாக்-போஸ்ட்_12' என்றே அமைந்துவிட்டன. சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாற்றினாலே தேடலில் மேலே வரும் என்கிறார்கள். உண்மையா? இப்போது வருகிற வாசகர்களை இழக்க நேருமா?

இழைநூல்:
வேர்ட்பிரஸ் என்பதற்காக மட்டும் கூகுள் எந்தத் தளத்தையும் மேலே ஏற்றாது. வாசகருக்குப் போய்ச் சேரும் பக்கத்தைத்தான் அது பார்க்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் எதையெல்லாம் உங்களால் திருத்த முடியும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள்தான்.

ப்ளாகரில் லேபிள் (பதிவுகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் குறிச்சொல்) பக்கங்களின் முகவரி 'சர்ச்' பாதைக்குக் கீழே வரும். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் அதன் இயல்பான ரோபோட்ஸ் கோப்பு அந்தப் பாதையையே தடுக்கிறது. 'நெல்' லேபிளில் 90 பதிவுகள் இருந்தாலும் அந்தத் தொகுப்புப் பக்கத்தை கூகுள் படிக்காது. வேர்ட்பிரஸில் அதே பகுப்புக்கு முன்னுரை எழுதி, தேடலில் நிற்கக்கூடிய பக்கமாக்கலாம். உங்கள் தளத்துக்கு உண்மையான ஆதாயம் இதுதான்.

வேகத்தில் இழப்பு வரலாம். ப்ளாகர் கூகுளின் சர்வரில் ஓடுகிறது. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் பங்கிடும் சர்வரில்) கனமான தீமும் (தள வடிவமைப்பு) இருபது பிளகின்களும் (கூடுதல் வசதி மென்பொருள்கள்) ஏற்றினால், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவைத் தொடுவதே சிரமம்.

ஏர்முனை:
முகவரிகளை மாற்றவே வேண்டாமே. வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவின் பெயர், கடைசியில் டாட் எச்டிஎம்எல் என்று வைத்துவிட்டால் ப்ளாகர் முகவரி அப்படியே கிடைக்கும். ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்புவது) தேவையில்லை.

இழைநூல்:
ஆங்கிலத் தளத்துக்கு அது சரி. தமிழ்த் தளத்தில் இடிக்கும். ப்ளாகரில் 'ப்ளாக்-போஸ்ட்' என்ற பெயர் ஒவ்வொரு மாதமும் திரும்ப வரும். மாதம் வேறு என்பதால் மோதாது. வேர்ட்பிரஸோ தளம் முழுக்க ஒரு பெயரை ஒரு பதிவுக்குத்தான் தரும். அடுத்தது 'ப்ளாக்-போஸ்ட்-2' ஆகிவிடும், பழைய இணைப்பு உடையும். ஆகவே பதிவுக்குப் பதிவு 301 (நிரந்தர) ரீடைரக்ட் போடுங்கள். பதிவுகளை வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவரும் ப்ளாகர் இம்போர்ட்டர் பிளகின் ஒவ்வொரு பதிவின் பழைய முகவரியையும் 'ப்ளாகர்_பெர்மாலிங்க்' என்ற கஸ்டம் ஃபீல்டில் (பதிவோடு சேரும் கூடுதல் தகவல் பகுதியில்) சேமிக்கிறது. அதை வைத்தே 640 வரிப் பட்டியலை எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும். ரீடைரக்ட் குறைந்தது ஓராண்டு இருக்கட்டும், எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

புதிய முகவரிப் பெயரைத் தமிழில் விடாதீர்கள். வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. முகவரிக்காகக் குறியாக்கும்போது ஒரு தமிழ்க் குறியீடு 9 இடம் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் கணக்கு. 22 குறியீட்டோடு முடிந்தது. 'நிலக்கடலை சாகுபடியில் டிக்கா நோய்' என்ற தலைப்பு 'நிலக்கடலை-சாகுபடியில்-டி' என்று அறுந்து நிற்கும், நோயின் பெயரே இருக்காது. ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகக் கையால் கொடுங்கள்.

வரப்பு:
மிக்க நன்றி. வாட்ஸ்அப்பில் பரவிய பழைய இணைப்புகளின் கடைசியில் 'எம்=1' என்று இருக்கிறதே, அவை?

ஏர்முனை:
பெயர் மோதும் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, இழைநூல் சொல்வதுதான் சரி.

'எம்=1' ப்ளாகரின் மொபைல் குறி. வேர்ட்பிரஸில் 'எம்' என்பது தேதிவாரித் தொகுப்புக்கான சொல். அப்படியே விட்டால் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) வரும். அந்த வாலை வெட்டிவிட்டு நேராகப் புதிய முகவரிக்கு ஒரே தாவலில் அனுப்பும் விதியை சர்வரிலேயே எழுதுங்கள்.

படங்களையும் உங்கள் சர்வருக்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய ப்ளாகர் முகவரியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். டொமைனைத் திருப்பிய அன்றே செட்டிங்ஸில் ரீடிங் பகுதியைத் திறந்து, தேடுபொறிகள் வேண்டாம் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சோதனைக் காலத்தில் போட்ட அந்த டிக்கை மறப்பதால்தான் பல தளங்கள் தேடலில் காணாமல் போகின்றன. அதன்பின் கூகுளின் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளருக்கான கருவி) புதிய சைட்மேப்பைக் (பக்கங்களின் பட்டியல்) கொடுத்து, 404 பட்டியலை முதல் மாதம் வாரம் இருமுறை பாருங்கள்.