அடி வாங்கினவனைக் கேட்டால் தெரியும்

நகரி தறிக்காரன்:

எனக்கு ஊர் நகரி. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, தறி ஓடும்போது இரண்டும் காதில் விழாது. போன வாரம் டீக்கடையில் பெரிய பாக்ஸர் யார் என்று பேச்சு வந்தது. அலி, டைசன், மேவெதர் என்று ஆளாளுக்கு ஒரு பெயர். எல்லாரும் போனில் பார்த்தவர்கள்தான். நான் ஒருவரிடம் நேரிலேயே வாங்கியிருக்கிறேன், அதை எழுதுகிறேன். வாங்கியதோ கொடுத்ததோ பக்கத்தில் நின்று பார்த்ததோ, உங்களிடம் இருந்தாலும் எழுதுங்கள்.

2006-ல் எனக்கு 21 வயது. வியாசர்பாடியில் மாமா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் பாக்ஸிங். வாத்தியாருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும், ஹார்பரில் சுமை தூக்கிய உடம்பு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று வடசென்னை பாக்ஸிங் பரம்பரைப் பெயரெல்லாம் அவர் வாயில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் மாதிரி வரும். ஆறு மாதம் பழகியதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. ‘ஏறுடா’ என்றார். மூன்று ரவுண்டு.

முதல் ரவுண்டில் நான் விட்ட குத்துக்குக் கணக்கே இல்லை. ஒன்றுகூடப் படவில்லை. அவர் ஓடவும் இல்லை, அரை அடி நகர்வார், அவ்வளவுதான். என் தோள் அசைந்தால் போதும், அவர் தலை அந்த இடத்தில் இருக்காது. இரண்டாவது ரவுண்டில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் இடது கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டார். குத்தவில்லை, தொட்டார். ‘கை எறங்குது’ என்றார். நான் தூக்குவேன், பத்து நொடியில் மறுபடி இறங்கும், மறுபடி நெற்றியில் கை. ‘எறங்குது.’ சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். மூன்றாவது ரவுண்டில் கோபம் தலைக்கேறி கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். அப்போதுதான் ஒன்றே ஒன்று விட்டார், வலது விலாவுக்குக் கீழே.

சத்தமே இல்லை. ஒரு நொடி ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருந்தது. அப்புறம் இரண்டு காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஈரலில் விழும் குத்து அப்படித்தான். தாடையில் வாங்கினால் நினைவு போகும், இங்கே வாங்கினால் நினைவு முழுசாக இருக்கும், மூச்சு மட்டும் வராது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு என் வாயிலிருந்த பல் கார்டை எடுத்துத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்திருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அதை முதல் ரவுண்டிலேயே அவரால் போட்டிருக்க முடியும் என்று ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது.

புத்தி வந்ததா என்றால் இல்லை. அடுத்த வாரமே கையில் துணி சுற்றாமல் மணல் மூட்டையைக் குத்தி, சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே உடைத்துக்கொண்டேன். ரயில் ஏறி ஊருக்கு வந்து, அங்கிருந்து புத்தூர். மற்றவர்களுக்கு எலும்புக் கட்டு என்றால் நினைவுக்கு வரும் ஊர், எங்களுக்குப் பக்கத்து ஊர். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, மேலே துணி. கட்டுப் போட்டவர் கையைப் பார்த்ததும் ‘யாரோட சண்டை?’ என்றார். பாக்ஸிங் என்றேன். நம்பவில்லை. அவர் நம்பாதது நியாயம்தான் என்று வாத்தியாரிடம் திரும்பிப் போனபோது தெரிந்தது. டாக்டர்கள் இந்த முறிவுக்கு பாக்ஸர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பழகினவன் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டியால் குத்துவான். சுண்டுவிரல் பக்கம் உடைவது பெரும்பாலும் சுவரைக் குத்துகிறவனுக்கு. ‘இது பாக்ஸர் கை இல்லப்பா, ரோட்ல அடிச்ச கை’ என்றார் வாத்தியார்.

திருத்தணிப் பேரன்:

அண்ணே, என்னுடையது கேள்விதான். 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார் இல்லையா, எங்கள் தாத்தா ரயிலேறிப் போய்ப் பார்த்தவர். சாகும்வரை அவருக்கு அதில் ஒரு குறை. ‘ரெண்டு பேரும் அடிச்சிக்கவே இல்லடா, வெளையாடிட்டுப் போயிட்டாங்க’ என்பார்.

எல்லிஸ் யாரென்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அலியின் ஊரான லூயிவில்லில் சின்ன வயதிலிருந்து சேர்ந்து பழகியவர். ராணுவத்துக்குப் போகமாட்டேன் என்றதற்காக 1967-ல் அலியின் பட்டத்தைப் பிடுங்கினார்களே, அதற்கடுத்த வருஷம் அந்தப் பட்டங்களில் ஒன்றை ஜெயித்தவர் இந்த எல்லிஸ்தான். 1971-ல் இரண்டு பேரும் நிஜமாகவே மோதி, 12-ஆவது ரவுண்டில் அலி ஜெயித்தார். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஒன்பது வருஷம் கழித்து ஒரே ரிங்கில் சிரித்துக்கொண்டு நின்றதைத்தான் தாத்தா பார்த்திருக்கிறார். டிக்கெட் காசு வீண் என்று அவர் சொன்னதை இப்போது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

குப்பம் 50-0:

மேவெதர். 50 சண்டை, 50 ஜெயிப்பு. பேச்சு முடிஞ்சுது.

சத்தியவேடு டீச்சர்:

தம்பி, அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீங்க. நான் ஸ்கூலில் பி.டி. டீச்சர். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டிக்கு எங்கள் பெண் ஒருத்தியைக் கூட்டிப்போனேன், 48 கிலோ பிரிவு. காலையில் எடை போட்டால் 300 கிராம் கூட. எடை நேரம் முடிய முக்கால் மணிதான் பாக்கி. அந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடினாள், டம்ளரில் எச்சில் துப்பினாள், தலையில் இருந்த கிளிப்பைக்கூடக் கழற்றினாள். ஸ்கிப்பிங் கயிறு ஊரிலேயே விட்டுவந்துவிட்டோம், அது என் தப்பு.

அவளோடு முதல் சண்டை யாருக்கோ, அந்தப் பெண்ணே தன் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் பெண் எடையில் தோற்றிருந்தால் அவள் குத்து வாங்காமலே அடுத்த சுற்றுக்குப் போயிருப்பாள். கொடுத்ததோடு போகாமல் கீழே உட்கார்ந்து தெலுங்கில் எண்ணிக்கொண்டும் இருந்தாள். கடைசி நிமிஷத்தில் எடை சரியாக வந்தது. சாயங்காலம் ரிங்கில் அந்தப் பெண் துளி இரக்கம் காட்டவில்லை. ஐந்து நடுவர்களும் அவளுக்கே போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, எதற்கு என்று கேட்காதீர்கள்.

தோல்வி என்றால் நிகத் ஜரீனைப் பாருங்கள். நிஜாமாபாத் பெண். 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிக்கான தேர்வில் மேரி கோமிடம் 9-1 என்று தோற்றாள். ஆறு தடவை உலகப் பட்டம் வாங்கினவரிடம், அதுவும் நாடே பார்க்க. 2022-ல் இஸ்தான்புல்லில் உலக சாம்பியன், 2023-ல் டெல்லியில் மறுபடி. அந்த 9-1 இல்லாமல் இந்தக் கதை எனக்குப் பாதிதான்.

நகரி தறிக்காரன்:

டீச்சரம்மா, அந்தக் கயிறு கொடுத்த பெண்ணைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

குப்பம் தம்பிக்கு ஒரு வார்த்தை. மேவெதரைத் தொடுவதே கஷ்டம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அலிக்கு முந்தைய பாக்ஸர் சுகர் ரே ராபின்சன் 19 தடவை தோற்றவர். லமோட்டா என்கிற ஒரே ஆளோடு மட்டும் ஆறு சண்டை, அதில் ஒன்றில் தோல்வி. அப்படியும் அலியே அவரைத்தான் தனக்கு மேலே வைத்துப் பேசினார். 1975 மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மோதினார்கள், 14 ரவுண்டு முடிந்தபோது பிரேசியருக்குக் கண் வீங்கி மூடிவிட்டது, இன்னும் போகிறேன் என்கிறார், அவருடைய வாத்தியார் எடி ஃபட்ச் ‘போதும்’ என்று நிறுத்திவிட்டார். ஜெயித்த அலியும் எழுந்து நின்றவர் அப்படியே கீழே சரிந்தார். சாவைப் பக்கத்தில் பார்த்தேன் என்கிற மாதிரிதான் பிறகு சொன்னார். பிரேசியர் எப்பேர்ப்பட்டவர் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

போன பொங்கலுக்கு என் பையனை வாத்தியாரிடம் கூட்டிப்போனேன். கை கட்டும் துணி நாலரை மீட்டர் வேண்டும், கடையில் வாங்காமல் எங்கள் தறி வேட்டித் துணியிலேயே பட்டையாகக் கிழித்து ஓரம் அடித்துக் கொண்டுபோனோம். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. வாங்கின அடிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும், வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார், பையன் கையில் தானே சுற்றினார், நடுக்கத்தோடுதான், ஆனால் ஒரு சுற்றுகூடத் தவறவில்லை. ஆள்காட்டி விரல் முட்டி, நடுவிரல் முட்டி, இரண்டையும் அழுத்திக் காட்டினார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, மூன்றாவது தடவையாக, ‘நீ எந்த ஊருப்பா?’ என்றார்.