புதுப்பிப்பு: கிரவுண்டைப் பிரித்தும் ரீடிங் ஆடிய போர்டு
போன மாதம் கேட்டிருந்தேன்: லோட் செல் (எடையை மின் சிக்னலாக்கும் சென்சார்) போர்டில் அனலாக், டிஜிட்டல் கிரவுண்டுகளை (கரண்ட் திரும்பிப் போகும் செம்புப் பரப்புகளை) நடுவே இடைவெளி விட்டுப் பிரித்து, பவர் சப்ளை பக்கம் ஒரே இடத்தில் சேர்த்தும் எடை ஏன் ஆடுகிறது என்று. காரணம் தெரிந்துவிட்டது.

ஏடிசிக்கு (சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) கிளாக் துடிப்பைக் கொண்டுபோகும் டிராக், அதாவது செம்புக் கோடு, இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே உள்ள பிளவைக் குறுக்கே தாண்டுகிறது. வேகமான சிக்னலின் திரும்பும் கரண்ட், டிராக்குக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். அங்கே செம்பு இல்லை. அதனால் அந்தக் கரண்ட் பவர் சப்ளை வரை சுற்றி வந்தது. அந்தப் பெரிய வளையம்தான் ஆன்டெனா மாதிரி அனலாக் பக்கம் இரைச்சலைக் கொட்டியது.

இங்கே ஒருவர் சொன்னபடி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செம்பு டேப் வாங்கினேன். போர்டைத் திருப்பி, டிராக்குக்கு அடியில் பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டி, டேப்பைப் பிளவின் குறுக்கே போட்டு இரு கரையிலும் சால்டர் வைத்தேன். துள்ளிக்கொண்டிருந்த இரண்டு இலக்கங்களில் ஒன்று அப்படியே நின்றுவிட்டது! சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

புது லேஅவுட்டில் பிளவே இல்லை. முழு கிரவுண்ட் பிளேன், அதாவது உடையாத ஒரே செம்புப் பரப்பு; ஏடிசி ஒரு மூலை, மோட்டார் டிரைவர் எதிர் மூலை. டிஜிட்டல் டிராக் எதுவும் அனலாக் பகுதிக்குள் நுழையாது. மெயின்ஸிலிருந்து (வீட்டு மின்சாரம்) தனிமைப்படுத்தும் போர்டு என்றால் கிரவுண்டைப் பிரித்தே ஆகவேண்டும், அது வேறு விஷயம்.

போர்டு அடுத்த வாரம் வருகிறது. ரீடிங்கை இங்கேயே போடுகிறேன்.