புதுப்பிப்பு: பேரியம் எனிமா எடுத்தாயிற்று

பெருங்குடலுக்குப் பேரியம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்களே, வலிக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று முடிந்தது.

வலி என்று சொல்ல முடியாது. வயிறு உப்பி, உடனே கழிப்பறைக்கு ஓடவேண்டும் போன்ற அவஸ்தை. ஆசனவாய் வழியாக ஒரு குழாயைச் செருகி, சுண்ணாம்புக் கரைசல் மாதிரியான பேரியத்தை உள்ளே விட்டார்கள். அப்புறம் கொஞ்சம் காற்று. பேரியம் குடல் சுவரில் படிந்து, காற்று அதை விரித்துக் காட்டினால்தான் சின்னச் சதை வளர்ச்சிகூடப் படத்தில் விழுமாம். "இடப்பக்கம் திரும்புங்க, மூச்சைப் பிடிங்க" என்று மேசைமேல் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது.

உண்மையான கஷ்டம் முந்தின நாள்தான். தெளிந்த திரவம் மட்டும், கூடவே பேதி மருந்து. இதில் ஏமாற்றாதீர்கள். மலம் மிச்சமிருந்தால் படத்தில் கட்டி போலவே தெரியும், மறுபடி வரச் சொல்வார்கள்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ, லேடெக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமை இருந்தாலோ, அண்மையில் குடலில் சோதனைக்காகத் திசு எடுத்திருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள்.

கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்குப் பதில் இது போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் பார்க்கத்தான் முடியும். பாலிப் (குடல் சுவரில் வளரும் சதை) இருந்தால் அதை எடுக்கக் கொலனோஸ்கோபிக்குத்தான் போகவேண்டும்.

இன்று காலை மலம் வெள்ளை வெளேரென்று! சில நாள் அப்படித்தான் இருக்குமாம். பேரியம் இறுகி மலச்சிக்கலாகும் என்பதால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தம் என்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை.